நாலு தராசும் ஒரு படங்கும்: நெற்வேர்க் கார்டின் வரிசைகளை இயங்குதளம் பங்கிடும் கதை

மட்டக்களப்புக் கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒரு கணினி வகுப்பு இருக்கிறது. காலையில் அங்கே இணையம் பறக்கும். பின்னேரம் 4 மணிக்கு மேல், 60 பிள்ளைகளும் வந்து உட்கார்ந்ததும், நொண்டத் தொடங்கிவிடும். இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் லைன் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். உண்மையிலேயே லைனில் குறை இல்லை. வெளியே இருந்து வரும் வயருக்கும் உள்ளே இருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. நாலு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் நாலு மூளை மாதிரி) உள்ள புரொசசர், லினக்ஸ் இயங்குதளம், விசிறிகூட இல்லை. எல்லாருடைய இணையமும் அதற்குள்ளால்தான் போய் வரும்.

அங்கே வேலை பார்க்கும் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். டொப் கட்டளையைப் போட்டு 1 என்ற விசையை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனி வரியாகத் தெரியும். முதல் கோர் 100 வீதத்தில் நின்றது. மற்ற மூன்றும் 5, 3, 4 என்று ஊசலாடிக்கொண்டிருந்தன.

"அண்ணன், மூண்டு பேர் சும்மா இரிக்கானுகள், ஒருத்தன் மட்டும் செத்துக்கொண்டிரிக்கான்" என்றான்.

ஏன் அப்படி என்று அவனுக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒரு பக்கெட் (இணையத்தில் தகவல் போய் வரும் சின்னத் துண்டு) வந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வயர் வந்து செருகும் நெற்வேர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற நிரல், கணினியின் நினைவகத்தில் ஒரு வட்ட வரிசையைத் தயார் செய்து வைத்திருக்கும். ரிங் என்று சொல்வார்கள். இன்டெல் கார்டுகளுக்கான சில டிரைவர்களில் அது 256 இடம் உள்ள வட்டம். ஒவ்வொரு இடத்திலும் வெறும் பாத்திரம் ஒன்று காத்திருக்கும். வயரில் பக்கெட் வந்ததும் கார்ட் புரொசசரைக் கேட்காமல் தானாகவே அடுத்த வெறும் பாத்திரத்தில் அதைக் கொட்டிவிடும். கொட்டிவிட்டு "வந்திருக்கிறது" என்று ஒரு மணி அடிக்கும். அந்த மணிதான் இன்டரப்ட். மணி கேட்ட கோர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கெட்டை எடுத்து, யாருடையது, எங்கே போக வேண்டும், ஃபயர்வோல் விடுமா என்று பார்த்து அனுப்பும். அனுப்பும் பக்கமும் இதேபோல ஒரு வட்டம்தான். அங்கே நிரப்புவது கோர், எடுத்துக்கொண்டு போவது கார்ட்.

ஒரு பக்கெட்டுக்கு ஒரு மணி என்றால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். ஈதர்நெற்றில் ஆகச் சிறிய பக்கெட் 64 பைட். அதற்கு முன்னும் பின்னும் வரும் இடைவெளியைச் சேர்த்தால் வயரில் 84 பைட் இடம் பிடிக்கும். 1 கிகாபிட் வயரில் ஒரு செக்கனுக்கு இப்படி 14 இலட்சத்து 88 ஆயிரம் பக்கெட் வரலாம். 10 கிகாபிட் வயர் என்றால் அதன் பத்து மடங்கு. ஒரு பக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 67 நனோ செக்கன்தான். 3 கிகாஹேட்ஸ் வேகத்தில் ஓடும் கோர் அந்த நேரத்துக்குள் 200 துடிப்புத்தான் துடிக்கும். நினைவகத்திலிருந்து ஒரு சின்னத் தகவலை எடுத்துவரவே அதுவரைக்கும் போய்விடலாம்.

மணித் தொல்லையைக் குறைக்க லினக்ஸில் நாப்பி என்றொரு ஏற்பாடு உண்டு. முதல் மணி கேட்டதும் கோர் "சரி, இனி அடிக்காதே" என்று மணியை நிறுத்திவிடும். பிறகு தானே வட்டத்தைப் பார்த்து ஒரு தடவைக்கு 64 பக்கெட் வரை அள்ளும். எல்லாம் தீர்ந்த பிறகுதான் மணியைத் திரும்ப விடும். நல்ல யோசனை, ஆனால் அள்ளுவது ஒரு ஆள்தான். ஒரு கார்டுக்கு ஒரு வட்டம், ஒரு மணி, ஒரு கோர். அந்த ஆளுக்கு மூச்சு முட்டினால் வட்டம் நிரம்பும். வட்டம் நிரம்பினால் கார்ட் புதுப் பக்கெட்டைக் கீழே போட்டுவிடும். பிள்ளைகள் அதை "நெற் ஸ்லோ" என்பார்கள்.

புரொசசர்களில் கோர்கள் பெருகிய பிறகும் இந்த ஒற்றை வட்டம் கன காலம் அப்படியே கிடந்தது. அதற்கு மருந்தாக வந்தவைதான் பல வரிசைக் கார்டுகள். ஒரே வயர், ஒரே கார்ட், ஆனால் உள்ளே பெறுவதற்கு நாலோ எட்டோ வட்டம், அனுப்புவதற்கும் அப்படியே. இன்டெலின் ஐ210 கார்டில் 4, ஐ350 இல் 8. பெரிய சேர்வர் கார்டுகளில் 128 கூட உண்டு. ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி மணி. முன்பு ஒரு சாதனத்துக்கு ஒரு இன்டரப்ட் வயர் என்றிருந்த நிலை போய், எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற முறையில் ஒரு சாதனம் 2048 மணி வரை வைத்திருக்கலாம் என்று வந்த பிறகுதான் இது கைகூடியது. முதல் வட்டத்தின் மணியை முதல் கோருக்கும் இரண்டாவதை இரண்டாம் கோருக்கும் கட்டிவிட்டால் வேலை பங்காகிவிடும்.

இங்கே தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அப்ப வாற பக்கெட்டை எது சும்மா இரிக்கோ அதுக்குப் போட வேண்டியதுதானே?"

மில்லில் நாலு தராசு

சம்மாந்துறைப் பக்கம் பெரும்போக வெட்டு நேரத்தில் ஒரு நெல் மில் வாசலில் நின்று பாருங்கள். டிராக்டர் பெட்டிகள் வீதி வரைக்கும் நிற்கும். உள்ளே ஒரு தராசு. மூடை தூக்கும் நாட்டாமைமார் அதை இறக்கித் தராசில் வைக்க, கணக்கப்பிள்ளை நிறையைப் பார்த்துத் துண்டில் எழுதுவார். வரிசை நீள நீள முதலாளி இன்னும் மூன்று தராசு வாங்கிப் போடுகிறார் என்று வையுங்கள்.

இப்போது அடுத்த மூடையை எந்தத் தராசு காலியோ அங்கே போட்டால் என்ன ஆகும்? ஒரு போடியாருடைய 80 மூடையும் நாலு தராசுக்கும் சிதறும். ஒரு தராசில் ஆள் சுறுக்கு, இன்னொன்றில் மந்தம். 27ஆவது மூடை எழுதப்பட்ட பிறகுதான் 25ஆவது எழுதப்படும். கடைசியில் நாலு துண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒரு மூடை குறைகிறது போலத் தெரியும், சண்டை தொடங்கும்.

நெற்வேர்க்கிலும் இதே சண்டைதான். தகவலை ஒழுங்கு குலையாமல் கொண்டு சேர்க்கும் டிசிபி இணைப்பில் பக்கெட்டுகளுக்கு வரிசை எண் உண்டு. 25 வராமல் 26, 27, 28 வந்தால், பெறும் பக்கம் "எனக்கு 25தான் வேண்டும்" என்று ஒவ்வொரு தடவையும் பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். அப்படி மூன்று தடவை கேட்டால் அனுப்பியவர் 25 தொலைந்துவிட்டது என்று முடிவெடுத்துத் திரும்ப அனுப்புவார், வேகத்தையும் குறைத்துக்கொள்வார். ஒரு பக்கெட்டும் தொலையவில்லை, இரண்டு கோர் முன்பின்னாக ஓடியதுதான் குற்றம். வேகம் கூட்டப் போய் வேகம் குறைந்த கதை. இன்னொரு நட்டமும் உண்டு. ஒரு இணைப்பைப் பற்றிய விபரம் ஒரு கோரின் கேஷ் என்ற வேகமான சின்ன நினைவகத்தில் சூடாக இருக்கும்போது அடுத்த பக்கெட் வேறு கோருக்குப் போனால், அந்த விபரத்தை இங்கிருந்து அங்கே இழுக்க வேண்டும். மேலே சொன்ன 200 துடிப்பில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

ஆகவே மில்லில் ஒரு விதி வேண்டும். வாசலில் ஒரு பெடியன் நிற்கிறான். வண்டிக்காரரின் துண்டில் இருக்கும் பேரையும் ஊரையும் பார்த்து, மனக்கணக்காக ஏதோ கூட்டிக் கழித்து ஒரு தராசு எண்ணைச் சொல்கிறான். ஒரே பேர், ஒரே ஊர் என்றால் எத்தனை தடவை வந்தாலும் அதே எண்தான் வரும். அப்போது ஒரு ஆளின் மூடைகள் ஒருபோதும் கலையாது, நாலு தராசுக்கும் வேலையும் இருக்கும்.

கார்டுக்குள் இருக்கும் அந்தப் பெடியனின் வேலைக்குப் பேர் ரிசீவ் சைட் ஸ்கேலிங், சுருக்கமாக ஆர்எஸ்எஸ். (பேரைக் கேட்டு அரசியல் பக்கம் போய்விட வேண்டாம்.) மைக்ரோசொஃப்ட் விண்டோஸுக்காக வரையறுத்தது இது. இன்று எந்த இயங்குதளமானாலும் கார்டுகள் பெரும்பாலும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. பக்கெட்டின் தலைப்பில் இருக்கும் நாலு விடயத்தைக் கார்ட் எடுக்கிறது: அனுப்பியவரின் ஐபி முகவரி, பெறுபவரின் ஐபி முகவரி, இரண்டு பக்கத்தின் போர்ட் எண்கள் (எந்த நிரலுக்கானது என்று காட்டுபவை). ஐபியின் நாலாம் பதிப்பில் எல்லாம் சேர்ந்து 12 பைட். இதற்குப் பக்கத்தில் 40 பைட் நீளமான ஒரு சாவி வைத்திருக்கிறது. 12 பைட்டின் ஒவ்வொரு பிட்டாகப் பார்த்துக்கொண்டு போகும். பிட் 1 ஆக இருந்தால், சாவியில் அந்த இடத்திலிருந்து 32 பிட்டை வெட்டி எடுத்து விடையோடு எக்ஸோர் செய்யும் (இரண்டு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1). 0 என்றால் சும்மா கடந்துவிடும். கடைசியில் கையில் ஒரு 32 பிட் எண் இருக்கும். டோப்ளிட்ஸ் என்ற ஜேர்மன் கணிதவியலாளரின் பேரில் இதை டோப்ளிட்ஸ் ஹாஷ் என்கிறார்கள்.

அந்த எண்ணின் கடைசி 7 பிட்டை மட்டும் எடுத்தால் 0 முதல் 127 வரை ஏதோ ஒன்று வரும். 128 கட்டம் உள்ள ஒரு அட்டவணையில் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் வரிசை எண் எழுதியிருக்கும். நாலு வரிசை என்றால் வழக்கமாக ஒவ்வொரு வரிசைக்கும் 32 கட்டம் கிடைக்கும்.

அட்டவணை எதற்கு, நேராக நாலால் வகுத்து மீதியை எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அட்டவணை இருப்பதால்தான் இயங்குதளம் தலையிட முடிகிறது. கணக்குப் போடுவது கார்ட், அட்டவணையை எழுதுவது இயங்குதளம். முதல் கோருக்கு வேறு வேலை கூட என்றால் அதன் கட்டங்களைக் குறைத்து மற்றவற்றுக்குக் கூட்டி எழுதலாம். எத்தனை வரிசையைத் திறப்பது, எந்த மணியை எந்தக் கோருக்குக் கட்டுவது, சாவி என்ன என்பதெல்லாம் இயங்குதளத்தின் கையில்தான். லினக்ஸில் ஐஆர்க்யூபாலன்ஸ் என்ற ஒரு பின்னணி நிரல் மணிகளைக் கோர்களுக்குப் பிரித்துக் கட்டும். கையாலும் கட்டலாம். கையால் கட்டியதை அந்த நிரல் வந்து அவிழ்த்துவிட்டுப் போவதும் நடக்கும், அதனால் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். எட்டு வரிசைக் கார்ட் போட்டாலும் ஒரு தனி டவுன்லோட் வேகமாகாது. ஒரு இணைப்பு எப்போதும் ஒரே வரிசைக்குள், ஒரே கோருக்குள்தான் போகும். கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். பழைய இரும்புப் பாலம் ஒற்றை வழி. அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும் வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டும். 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு அந்த நிற்பு போய்விட்டது. ஆனால் உங்கள் ஓட்டோவின் வேகம் கூடிவிட்டதா? ஒற்றை இணைப்பில் வேகச் சோதனை ஓட்டிப் பார்த்து "புதுக் கார்டால் பிரயோசனம் இல்லை" என்று சொல்வது அந்த மாதிரித்தான். அறுபது பேர் ஒன்றாக ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அனுப்பும் பக்கம்

அனுப்புவதில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே பக்கெட்டை உருவாக்குவதே நம் கோர்கள்தான், ஆகவே எந்த வட்டத்தில் போடுவது என்று இயங்குதளமே தீர்மானிக்கலாம். முன்பு வட்டம் ஒன்றுதான் இருந்தது, அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. ஒரு கோர் பக்கெட் வைக்கும்போது மற்றவை பூட்டு விடுபடும் வரை நிற்க வேண்டும். கோர்கள் கூடக் கூட, வேலை செய்யும் நேரத்தைவிட நிற்கும் நேரம் கூடியது. 2008 இல் வந்த லினக்ஸ் 2.6.27 கேர்னலில்தான் (கேர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) அனுப்பும் பக்கத்துக்குப் பல வரிசை ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் பூட்டு. 2011 இல் 2.6.38 இல் எக்ஸ்பிஎஸ் வந்தது. இந்தக் கோர் அனுப்புவதை இந்த வரிசையில்தான் போட வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். இரண்டு கோர் ஒரே வட்டத்துக்கு அடிபடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்னாருக்கு இவ்வளவு வேகம் என்று பங்கு போடும் வேகக் கட்டுப்பாட்டைக் கார்டின் தலைவாசலில் வைத்தால், எல்லாப் பக்கெட்டும் அந்த ஒரு வாசலாலும் அதன் ஒரு பூட்டாலும் வர வேண்டும். கீழே எட்டு வரிசை இருந்தும் மேலே கழுத்து ஒன்றாகிவிடும். மொத்தத்தில் ஒரு எல்லை வைக்க வேண்டுமென்றால் எல்லாரையும் ஒரே இடத்தில் எண்ணித்தானே ஆக வேண்டும்? அது தவிர்க்க முடியாதது. கல்லடிப் பெட்டியிலும் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதைக் கழற்றவில்லை. அந்த வேகத்துக்கு அந்தப் பூட்டு ஒரு பொருட்டில்லை.

படங்கு மூடிய லொறி

இனிப் பெட்டிக்கு வருவோம். வாங்கும்போதே நாலு வரிசைக் கார்ட் என்று பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஏன் ஒரு கோர் மட்டும்?

முதலில், வரிசைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தோம். ஈத்டூல் என்ற கட்டளைக்குச் சிறிய 'எல்' எழுத்தைக் கொடுத்தால் கார்ட் எத்தனை வரிசை தாங்கும், இப்போது எத்தனை திறந்திருக்கிறது என்று இரண்டையும் காட்டும். பெரிய 'எல்' கொடுத்தால் எண்ணிக்கையை மாற்றலாம். நாலும் திறந்திருந்தன. அடுத்து ப்ரொக் கோப்புறையில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பு. அதில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு கோருக்கும் நெடுக்காக ஒரு கொலம். நெற்வேர்க் சிக்கல் என்றால் நான் முதலில் திறக்கும் கோப்பு இதுதான், எந்த அழகான வரைபடத்தையும்விட நேர்மையானது. செக்கனுக்கு ஒரு தடவை புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டியில் இரண்டு கார்ட். உள்ளே சுவிட்சுக்குப் போகும் கார்டின் நாலு வரியிலும் எண்கள் ஏறத்தாழ ஒன்றாக ஏறின. வெளியே லைனுக்குப் போகும் கார்டில் முதல் வரி மட்டும் ஓட்டமாக ஓடியது. மற்ற மூன்று வரிகளிலும் எண்கள் அசைவதே அரிது.

தம்பி கார்ட் பழுது என்றான். நான் உள்ளே இருந்த கார்டையும் வெளியே இருந்த கார்டையும் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி. பழுதில்லை. வெளியே லைன் எப்படி இணைகிறது என்று கேட்டேன். யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்துத்தான் இணைகிறது என்றான். அப்போதுதான் பொறி தட்டியது.

அப்படி இணையும் முறைக்குப் பேர் பிபிபிஓஈ. அதில் ஒவ்வொரு ஐபி பக்கெட்டும் இன்னொரு உறைக்குள் போடப்பட்டு வரும். மில் வாசலில் நிற்கும் பெடியனுக்கு இப்போது வண்டிகளே வருவதில்லை. எல்லாருடைய மூடையையும் ஏற்றிப் படங்கால் மூடிக் கட்டிய லொறிகள்தான் வருகின்றன. படங்குக்கு மேல் பேரும் இல்லை, ஊரும் இல்லை. படங்கை அவிழ்த்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே வருகிற லொறியையெல்லாம் "முதல் தராசுக்குப் போ" என்கிறான். ஐபி முகவரியைக் கண்டுபிடிக்க முடியாத பக்கெட்டுகளைப் பல கார்டுகள் இப்படித்தான் முதல் வரிசையில் கொட்டும். பிள்ளைகள் இணையத்திலிருந்து இறக்குவதெல்லாம் அந்தக் கார்டால்தான் உள்ளே வருகிறது, முழுப் பாரமும் முதல் கோரின் தலையில்.

விபிஎன் (இணையத்துக்குள்ளால் போகும் தனிச் சுரங்கம்) வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் வரும். ஒரு அலுவலகத்தின் அத்தனை வேலையும் ஒரே சுரங்கத்துக்குள் போனால், வெளியே இருந்து பார்க்கும் கார்டுக்கு அது ஒரே ஒரு இணைப்பு. வரிசையும் ஒன்றுதான் கிடைக்கும். டிசிபி போல வரிசை எண் இல்லாமல் போகும் யுடிபி பக்கெட்டுகளில் போர்ட் எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் முகவரியை மட்டும் பார்க்கும்படி சில டிரைவர்களில் ஆரம்பத்திலேயே வைத்திருப்பார்கள், அங்கேயும் பங்கீடு கோணலாகும்.

கார்டுக்குக் கண் தெரியாத இடத்தில் இயங்குதளம் கைகொடுக்கலாம். கூகிளில் இருந்த டொம் ஹேர்பேட் எழுதிய ஆர்பிஎஸ் என்ற ஏற்பாடு 2010 இல் லினக்ஸ் 2.6.35 இல் சேர்ந்தது. ரிசீவ் பக்கெட் ஸ்டியரிங் என்பதன் சுருக்கம். கார்ட் செய்ய வேண்டிய பங்கீட்டை மென்பொருளில் செய்வதுதான் அது. முதல் தராசில் நிற்கும் ஆள் லொறியை வாங்குகிறார், ஆனால் நிறுப்பதில்லை. படங்கை விலக்கிப் பேரைப் பார்த்து, "இது மூன்றாவது தராசு, அது நாலாவது" என்று தள்ளிவிடுகிறார். பாரமான வேலையான நிறுப்பதும் எழுதுவதும் மற்றவர்களிடம் போய்விடுகிறது. லினக்ஸுக்கு பிபிபிஓஈ உறைக்குள் எட்டிப் பார்த்து உள்ளே இருக்கும் ஐபி முகவரியைப் படிக்கத் தெரியும். ஒரே இணைப்பு ஒரே கோருக்கு என்ற விதியும் மாறாது.

இது இலவசமில்லை. ஒரு கோர் இன்னொரு கோரைத் தட்டி எழுப்ப ஒரு செலவு உண்டு. கார்டே ஒழுங்காகப் பிரிக்கும் இடத்தில் ஆர்பிஎஸ் போடுவது வீண். ஒற்றை வரிசை உள்ள மலிவான கார்டுகளுக்கும், இப்படிப் படங்கு மூடிய லைன்களுக்கும்தான் அது பொருந்தும். பெரிய சேர்வர்களில் இதன் தம்பியான ஆர்எஃப்எஸ் இன்னும் ஒரு படி மேலே போகும். பக்கெட்டைப் படிக்கப் போகும் நிரல் எந்தக் கோரில் ஓடுகிறதோ அந்தக் கோருக்கே பார்த்து அனுப்பும். எங்கள் பெட்டியோ பக்கெட்டை வாங்கி மறுபக்கம் விடும் ஒன்று, அங்கே படிக்கும் நிரல் என்று எதுவும் இல்லை, ஆகவே ஆர்எஃப்எஸ்ஸைத் தொடவில்லை.

ஆர்பிஎஸ்ஸைப் போடுவது ஒரே ஒரு எண். கார்டின் ஒவ்வொரு பெறும் வரிசைக்கும் சிஸ் கோப்புறைக்குள் ஆர்பிஎஸ் சிபியூஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். ஆரம்பத்தில் அதில் 0, அதாவது அணைந்திருக்கிறது. எந்தெந்தக் கோருக்குப் பிரிக்கலாம் என்பதை அதில் எழுத வேண்டும். முதல் கோருக்கு மதிப்பு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4, நாலாவதுக்கு 8. முதல் கோர் ஏற்கெனவே வாங்கித் தள்ளும் வேலையில் இருக்கிறது, அதை விட்டுவிட்டோம். 2, 4, 8 மூன்றையும் கூட்டினால் 14. பதினாறின் அடி எண்முறையில் 14 என்பது 'ஈ' என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்தை வெளிக் கார்டின் முதல் வரிசைக் கோப்புக்குள் எழுதினோம்.

டொப் திரை மாறுவதற்குள் தம்பி சிரித்துவிட்டான். 100 இல் நின்ற கோர் சரசரவென்று இறங்கியது, சும்மா இருந்த மூன்றும் மேலே ஏறின. நாலும் சரிசமமாகவா என்றால் இல்லை. ஒன்று 30, ஒன்று 55 என்று நின்றன. ஹாஷ் கணக்குக்கு யாருடைய மூடை பாரம் என்று தெரியாது. இரண்டு பெரிய டவுன்லோட் தற்செயலாக ஒரே கோரில் விழலாம். அதைப் பார்த்துவிட்டு அட்டவணையைக் கிண்டத் தொடங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

விண்டோஸ் சேர்வர் வைத்திருப்பவர்கள் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தைத் திறந்தால் ரிசீவ் சைட் ஸ்கேலிங் திறந்திருக்கிறதா, எத்தனை வரிசை என்று பார்க்கலாம். மெய்நிகர் கணினிகளில் இன்னொரு பொறி உண்டு. கீழே இருக்கும் நிசக் கார்டில் பதினாறு வரிசை இருந்தாலும், மெய்நிகர் கணினிக்குக் கொடுத்த மெய்நிகர் கார்டில் பல நேரங்களில் ஒரு வரிசைதான் இருக்கும், நாமாகக் கூட்டிக் கொடுத்தால் தவிர. வரிசைகளைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். கோர்களின் எண்ணிக்கைக்கு மேல் போனால் மணிச் சத்தமும் நினைவகச் செலவும்தான் கூடும்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு பின்னேரம் தம்பியின் அழைப்பு.

"அண்ணன், திரும்பவும் ஒருத்தன்தான் ஓடுறான். மத்த மூண்டும் பழையபடி படுத்திட்டு."

"கரண்ட் போனதா மனே?"

"மத்தியானம் போய் வந்தது."

சிஸ் கோப்புறையில் எழுதுவது எதுவும் பெட்டி அணைந்தால் நிற்காது. கேர்னல் எழும்பும்போது அந்தக் கோப்பில் திரும்பவும் 0 தான் இருக்கும். அன்றைக்கே அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அந்த ஒரு வரியைப் பெட்டி எழும்பும்போது தானாக ஓடும் நிரலில் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, பெட்டியின் வயரைக் கழற்றி மாட்டி ஒருமுறை பார் என்றும் சொன்னேன். போனை வைக்காமலே போய்க் கழற்றினான். பின்னால் அறுபது பிள்ளைகளும் ஒன்றாகக் கத்துவது கேட்டது.